வீட்டிலயே ஸ்கூட்டருக்குக் கூலன்ற் மாத்துறது: வன்னித் தண்ணிக்கும் வெக்கைக்கும் ஏத்த முறை

மாங்குளம்_155

வன்னியில ஓடுற ஸ்கூட்டரில பெரும்பங்கு காத்தால குளிருற எஞ்சின். டியோ, பிளஷர், ஸ்கூட்டி பெப் வச்சிருக்கிற ஆக்கள் கூலன்ற் (எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) தேடத் தேவையில்லை, அதுகளுக்கு ரேடியேற்றரே கிடையாது. ஃபேன் மூடியைக் கழட்டி உள்ளுக்க அடைஞ்ச தூசியை எடுத்துவிட்டாக் காணும். இங்க எழுதுறது பிசிஎக்ஸ், என்மக்ஸ், ஏரொக்ஸ் மாதிரித் தண்ணியால குளிருற 125 தொடக்கம் 155 சிசி ஸ்கூட்டர்களுக்கு. இதுகளில ரேடியேற்றர் முன்னுக்கு இல்லை, எஞ்சினுக்கு வலப்பக்கத்தில ஒட்டி நிக்கும். ஃபேன் கிராங்கோட சேர்ந்தே சுத்தும்.

கையேடுகள் சொல்லுற காலம் பொதுவா 2, 3 வருஷம். கொஞ்சமா ஓடின வண்டி எண்டாலும் காலம்தான் கணக்கு. கூலன்றுக்குள்ள இருக்கிற துரு தடுக்கிற மருந்து வண்டி நிண்ட இடத்திலயே செலவழிஞ்சு போகும். ரிசர்வ் தாங்கிக்குள்ள (மேலதிகக் கூலன்ற் நிக்கிற சின்னக் கலன்) நிறம் கபிலமாகி அடியில மண்டி தெரிஞ்சா வருஷக்கணக்குப் பார்க்காமல் மாத்துங்கோ.

எஞ்சினும் ரேடியேற்றரும் சேர்ந்து அரை லீற்றரை ஒட்டிக் கொள்ளும், ரிசர்வ் அதுக்கு மேல. சரியான அளவு உங்கட மொடல் கையேட்டில இருக்கும். தண்ணி கலந்தே வாற கூலன்ற் எண்டா ஒரு லீற்றர் போத்தல் மாத்துறதுக்குக் காணும், கழுவுறதுக்கு டிஸ்டில் வோட்டர் 2 லீற்றர் தனியா எடுங்கோ. 8, 10 சாவி, ஸ்டார் ஸ்குறூட்ரைவர், அகலமான பழைய பேசின், சின்னப் புனல், வடிக்கிற போல்றுக்குப் புது வாசர். வாசர் சில ரூபாச் சாமான், அதை விட்டிட்டுத் தொடங்காதேங்கோ. நசுங்கின பழைய வாசரைத் திரும்பப் போட்டா ஒழுகும். ஒழுக்கை நிப்பாட்ட இன்னும் இறுக்குவியள், அலுமினியப் புரி போயிடும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கோணும், காலமை வேளைதான் நல்லது. ஓடி வந்த எஞ்சினுக்குள்ள தண்ணி அமுக்கத்தில நிக்குது. மூடியைத் திறந்த அந்தக் கணமே கொதிச்சு முகத்துக்கு அடிக்கும். சைலன்சரில கை வச்சா சுடேல்லை எண்டது சாட்சி இல்லை, உள்ளுக்கு இருக்கிற தண்ணி அதைவிடப் பிந்தித்தான் ஆறும்.

சமதரையில மெயின் ஸ்ராண்டில நிப்பாட்டி, வலப்பக்க மூடியைக் கழட்டுங்கோ. பேசினை வச்சு முதல்ல வடிக்கிற போல்றை எடுங்கோ, ரேடியேற்றர் மூடி பூட்டியிருக்கிறபடியால் சொட்டுச் சொட்டா வரும். பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறக்க, பாய்ச்சல் ஒரு சாண் தள்ளிப் போய் விழும். பேசினை அதுக்கு ஏத்தமாதிரித் தள்ளி வையுங்கோ. பின் ரயரில பட்டதை உடனே சோப்புத் தண்ணியால கழுவோணும், கூலன்றுக்குள்ள இருக்கிற கிளைக்கோல் ஒயில் மாதிரியே வழுக்கும். ரிசர்வ் தாங்கியை மறக்கிற ஆக்கள் கன பேர். அதின்ர ரியூப்பைக் கழட்டி அதையும் வடியுங்கோ. பழைய மண்டி அங்க இருந்தா எஞ்சின் ஆறுற ஒவ்வொரு முறையும் புதுக் கூலன்றுக்குள்ள இழுபட்டுப் போகும்.

குளத்தடி_ரைடர்

டிஸ்டில் வோட்டர் எல்லா இடமும் கிடைக்குதில்லை அண்ணை. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சு வடிச்சு விட்டா என்ன? இல்லாட்டி ஊரில ஆர்ஓ தண்ணி நிறையக் கிடக்கு.

நெடுங்கேணி_ஸ்பானர்

இந்த இழையில முக்கியமான கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவுக் கரைப்பக்கம் எல்லாம் அடியில சுண்ணக்கல். வவுனியாப் பக்கம் கருங்கற்பாறை. இரண்டு இடத்திலயும் நிலத்தடித் தண்ணி வன்தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளைக் காவி பிடிக்கிறதை எல்லா வீட்டிலயும் பார்க்கலாம். ரேடியேற்றருக்குள்ள இருக்கிற குழாய் கேத்தில் மாதிரி அகலம் இல்லை, மெல்லிய தட்டைக் குழாய். அதில காவி ஒரு படை படிஞ்சாலே சூடு வெளியேறுறது குறையும், கொஞ்சம் கூடினா குழாயே அடைபடும்.

கொதிக்க வைக்கிறதால கல்சியம் பைகாபனேற்றில ஒரு பங்கு மட்டும் அடியில படியும். சல்பேற்றும் குளோரைட்டும் அப்படியே நிக்கும், தண்ணி வத்த வத்த இன்னும் செறிவாகும். குளோரைட் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியா அரிக்கிறது. ரேடியேற்றர், சிலிண்டர் தலை, பம்ப் மூடி எல்லாம் அலுமினியம். கரையோரத்துக் கிணறுகளில உப்பும் சேர்ந்திருக்கு.

இதைவிடத் தெரிய வேண்டியது ஒண்டு இருக்கு. யப்பான் வகைக் கூலன்றில துரு தடுக்க பொஸ்பேற் போடுவினம். வன்தண்ணியில இருக்கிற கல்சியம் அந்தப் பொஸ்பேற்றோட சேர்ந்து படிவாகும். காவியும் வரும், மருந்தும் தீர்ந்து போகும். விலை கூடின கூலன்றை வாங்கிக் கிணத்துத் தண்ணியில கலந்தா காசு குடுத்துக் காவி வாங்கின மாதிரித்தான்.

ஆர்ஓ தண்ணி கிணத்துத் தண்ணியைவிட எவ்வளவோ மேல், ஆனா உப்பு முழுக்கப் போனதில்லை. வடிகட்டி பழசானா வெளிய வாற தண்ணியில உப்புக் கூடும். பழசைக் கழுவி ஊத்த ஆர்ஓ தண்ணியைப் பாவியுங்கோ, கடைசிக் கழுவலும் கலவையும் டிஸ்டில் வோட்டராகவே இருக்கட்டும். தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கையடக்க ரிடிஎஸ் மீற்றர் இருந்தா நல்ல டிஸ்டில் வோட்டர் பூச்சியத்தை ஒட்டிக் காட்டும். பற்றரிக்கடையில வாங்கேக்க லேபலை வாசிச்சு வாங்குங்கோ. பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில நிக்கிற கடைகள் இருக்கு. அசிட் உள்ள போனா எஞ்சின் போச்சு.

மல்லாவி_வயல்

தம்பி, கலந்து வாறதை வாங்கினா இந்தத் தண்ணிக் கதையே தேவையில்லையே.

நெடுங்கேணி_ஸ்பானர்

உண்மை அண்ணை, முதல்தரம் செய்யிற ஆளுக்கு அதுதான் என்ர சொல்லும். ஆனா போத்தலில "நேரடியாப் பாவிக்கலாம்" எண்டு இருக்கா, "தண்ணி கலக்கவும்" எண்டு இருக்கா எண்டு பாருங்கோ. இரண்டையும் மாறி விளங்கிறதுதான் கன வண்டியில நடக்கிற பிழை. 50 வீதம் கலந்து வந்ததுக்கு மேல சரிக்குச் சரி தண்ணி விட்டா கிளைக்கோல் 25 வீதத்துக்கு இறங்கும், துரு தடுக்கிற மருந்தும் பாதியாகும். செறிவானதை அப்படியே விட்டா அதுவும் கூடாது.

ஏ9_பயணி

இங்க பனி உறையிறது இல்லை. கூலன்றும் தண்ணியும் 50:50 எண்டது குளிர் நாட்டுக் கணக்கு. ஒரு பங்கு கூலன்றுக்கு இரண்டு பங்கு தண்ணி விட்டா வெக்கையை இன்னும் நல்லாக் கடத்தும் எண்டு நினைக்கிறன். தண்ணிதானே கிளைக்கோலைவிடச் சூடு தாங்கும்?

மாங்குளம்_155

பாதி சரி. தண்ணியின்ர தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு பாகை சூடாக்கத் தேவையான ஜூல்) 4.18, 50:50 கலவையின்ரது 3.4 அளவில, தனிக் கிளைக்கோல் 2.4 அளவில. அதனாலதான் செறிவானதைத் தண்ணி இல்லாமல் விட்டா வண்டி கூடச் சூடாகும். உறைநிலை எங்களுக்குத் தேவை இல்லை எண்டதும் சரி.

ஆனா கொதிநிலையையும் பாருங்கோ. திறந்த பாத்திரத்தில வெறும் தண்ணி 100 பாகையில கொதிக்கும், 50:50 கலவை 107, 108 பாகையில. 1.1 பார் அமுக்கத்தைப் பிடிச்சு வைக்கிற ரேடியேற்றர் மூடி போட்ட தொகுதிக்குள்ள வெறும் தண்ணி 122 பாகையை ஒட்டி, கலவை 129 பாகையை ஒட்டி. அதாவது கிளைக்கோல் தாறது ஏழெட்டுப் பாகை, மூடி தாறது இருபதுக்கு மேல. கலவை விகிதத்துக்கு மண்டையை உடைக்கிற ஆக்கள் மூடியின்ர ரப்பரைத் திருப்பிப் பார்க்கிறதில்லை. ரப்பர் வெடிச்சா, ஸ்பிறிங் தளர்ந்தா, எந்தக் கூலன்ற் விட்டும் பிரயோசனமில்லை.

மருந்தின்ர அளவும் விகிதத்தோடதான் வருது. மூன்றிலொரு பங்குக்குக் கீழ போனா பெரும்பாலான கூலன்றில துரு தடுப்புப் பத்தாது. உங்கட 1:2 சரியா அந்த விளிம்பில நிக்குது. ஒருக்கால் தண்ணி விட்டு நிரப்பினா விளிம்பைத் தாண்டிடும். பிசிஎக்ஸ், என்மக்ஸுக்கு 50:50 தான் என்ர முடிவு.

முறிகண்டி_கராச்

கழுவுறதைப் பற்றி ஒருதரும் எழுதேல்லை.

பழைய கூலன்ற் சுத்தமா, நிறம் மாறாமல் வந்தா கழுவத் தேவையில்லை. வடிச்சுப்போட்டுப் புதுசை விடுங்கோ. கபிலமா, பாசி மாதிரி, துகளோட வந்தா மட்டும் கழுவுங்கோ. போல்றைப் பூட்டி டிஸ்டில் வோட்டர் நிரப்பி, எஞ்சினைப் பத்து நிமிசம் ஓட விட்டு, முழுக்க ஆற விட்டு வடியுங்கோ. தெர்மோஸ்ரற் (சூடானாத்தான் ரேடியேற்றருக்குத் தண்ணி விடுற வால்வு) திறந்தாத்தான் தண்ணி முழுப் பாதையாலயும் சுத்தும், ஒரு நிமிசம் ஓட்டிப்போட்டு வடிக்கிறதால ரேடியேற்றர் கழுவுப்படாது. வாறது தெளியும் வரைக்கும் இதே வேலைதான். சூடான எஞ்சினுக்குள்ள பச்சைத்தண்ணியை விட்டிடாதேங்கோ, சிலிண்டர் தலை கோணும்.

இனித்தான் கணக்கு. கழுவின தண்ணி முழுக்க வடியாது. தொகுதி 0.5 லீற்றர், வடிஞ்சது 0.4 எண்டு வையுங்கோ. உள்ளுக்க 0.1 வெறும் தண்ணி நிக்குது. அதுக்கு மேல 50:50 கலந்ததை 0.4 விட்டா உள்ள இருக்கிறது 40 வீதம்தான். செறிவானது கையில இருந்தா முதல்ல 0.25 லீற்றர் செறிவானதை விட்டு, மிச்சத்தை டிஸ்டில் வோட்டரால நிரப்புங்கோ, 50 வீதம் சரியா வரும். கலந்ததுதான் இருக்கு எண்டா கடைசிக் கழுவலை அந்தக் கலந்த கூலன்றாலயே செய்து வடிச்சுப்போட்டுப் புதுசை நிரப்புங்கோ. ஆக ஒரு போத்தல் கூடப் போகும்.

வினாகிரி, தேசிக்காய், சவர்க்காரத் தூள் ஒண்டும் உள்ள விடக்கூடாது. அசிட் காவியைக் கரைக்கும், அதோட அலுமினியத்தையும் கரைக்கும். நுரை வாறது எதுவும் பம்பில காத்துக் குமிழாகும்.

குளத்தடி_ரைடர்

என்ர வண்டிக்குள்ள பச்சை கிடக்கு, கடையில றோஸ்தான் இருக்கு. சேர்த்து விடலாமா?

முறிகண்டி_கராச்

நிறம் கம்பனி போடுற சாயம், அதை வச்சு வகை சொல்லேலாது. பச்சையில பழைய சிலிக்கேற் வகையும் இருக்கு, புதிய ஓர்கானிக் வகையும் இருக்கு. வேற வேற வகை கலந்தா சிலவேளை ஒண்டும் நடக்காது, சிலவேளை களியாகி ரேடியேற்றர் அடைபடும். எது நடக்கும் எண்டு முன்கூட்டிச் சொல்லேலாதபடியால் கலக்காதேங்கோ. முழுக்க வடிச்சுக் கழுவி ஒரே வகையை விடுங்கோ. போத்தலில சிலிக்கேற் இல்லாதது எண்டு இருக்கோணும், ஏனெண்டா சிலிக்கேற் பம்ப் சீலைத் தேய்க்கும். அலுமினியத்துக்கு உகந்தது எண்டும் இருக்கோணும். லேபல் இல்லாத கலனில அளந்து விக்கிற பச்சைத் தண்ணி வேண்டாம். அதில சாயம் மட்டும் கிடந்தாலும் கண்ணால கண்டுபிடிக்கேலாது.

மாங்குளம்_155

நிரப்புறதுக்கு வாறன். பிழைக்கிற இடம் இதுதான்.

புது வாசரோட போல்றைப் பூட்டுங்கோ. 6 மிமீ போல்றுக்கு 10 நியூட்டன் மீற்றர் காணும். இறுக்கத்தை அளக்கிற ரோர்க் சாவி இல்லாட்டி, சின்னச் சாவியின்ர கழுத்தில பிடிச்சு மணிக்கட்டால மட்டும் இறுக்குங்கோ. நீளச் சாவியில முழங்கைப் பலத்தைப் போட்டா புரி உரியும்.

புனலால நூல் மாதிரி மெதுவா விடுங்கோ. வேகமா விட்டா காத்து வெளிய வர வழியில்லை, வாய் வரைக்கும் நிரம்பின மாதிரித் தெரியும், உள்ளுக்க பாதி காத்தா இருக்கும். விடேக்க ரேடியேற்றர் ஹோசைக் கையால அமத்தி அமத்தி விடுங்கோ, குமிழ் குமிழா வரும். சில மொடலில காத்து எடுக்கிற போல்ற் தனியா இருக்கு. அது இருந்தா அதால குமிழ் இல்லாமல் தண்ணி வரும் வரைக்கும் தளர்த்தி வையுங்கோ.

பிறகு மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஸ்ராட் பண்ணி இரண்டு மூண்டு நிமிசம் ஐடிலில விடுங்கோ. இடைக்கிடை அக்சிலேற்றரை மூண்டு நாலு தரம் சின்னதா முறுக்குங்கோ. மெயின் ஸ்ராண்டில நிக்கேக்க பின் சில்லு சுத்தும், கையும் துணியும் கிட்டப் போகக்கூடாது. வாயில மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கோ. குமிழ் நிண்டதும் எஞ்சினை நிப்பாட்டி, வண்டியை இடம் வலமா மெல்லச் சரிச்சு, வாய் விளிம்பு வரைக்கும் விட்டு மூடியைப் பூட்டுங்கோ. தெர்மோஸ்ரற் திறந்து சூடாகும் வரைக்கும் மூடியைத் திறந்து வைக்கிறது கூடாது, விரிஞ்சு வெளிய தள்ளும்.

ரிசர்வில மேல்க்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில விட்டாக் காணும். கழுத்து மட்டும் நிரப்பினா சூடான நேரம் வழிஞ்சு கொட்டும், ஒழுக்கு எண்டு நினைச்சு வீணா எஞ்சினைக் கழட்டுவியள்.

ஐஞ்சு பத்துக் கிலோமீற்றர் ஓடி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலமை ரேடியேற்றர் வாயையும் ரிசர்வையும் திரும்பப் பாருங்கோ. மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது வழமை. இந்தப் பார்வை முடிஞ்சாத்தான் வேலை முடிஞ்சது.

புதுக்குடியிருப்பு_என்மக்ஸ்

ஒரு கராச்சில கூலன்ற் மாத்தினது. ஏ35 வீதியால பரந்தன் பக்கம் வரேக்க சூட்டு லைட் எரியுது, நிப்பாட்டி ஆற விட்டா அணையுது. ரிசர்வ் நிரம்பியிருக்கு. அங்க கேட்டா தெர்மோஸ்ரற்றைக் கழட்டி விட்டா சரி எண்டினம்.

நெடுங்கேணி_ஸ்பானர்

தெர்மோஸ்ரற்றைக் கழட்ட விடாதேங்கோ. அது இல்லாட்டி எஞ்சின் தன்ர வெப்பநிலைக்கு வரவே நேரம் எடுக்கும். இன்ஜெக்சன் வண்டி எண்டபடியால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கணினி) எஞ்சின் இன்னும் குளிர் எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட அடிக்கும். பெற்றோல் ஒயிலோட கலந்து சிலிண்டர் தேயும். உண்மையான வருத்தம் அப்படியே கிடக்கும்.

ரிசர்வ் நிரம்பியிருக்கு, ஆனா லைட் எரியுது எண்டா முதல் சந்தேகம் உள்ளுக்க காத்து. ஆறின பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கோ. வாய் வெறுமையா இருந்தா மாங்குளம் எழுதின மாதிரிக் காத்தை எடுத்து நிரப்புங்கோ.

நிரப்பி ஓடி, திரும்பவும் வாய் வெறுமை, ரிசர்வ் மட்டும் கூடுது எண்டா மூடி. எஞ்சின் ஆறேக்க மூடிக்கு நடுவில இருக்கிற சின்ன வால்வு திறந்து ரிசர்வில இருந்து தண்ணியைத் திரும்ப இழுக்கோணும். அது ஒட்டிப்போனா தண்ணி போகும், வராது. ரிசர்வுக்குப் போற ரியூப் வெடிச்சிருந்தாலும் இதேதான், தண்ணிக்குப் பதிலாக் காத்தை இழுக்கும். புது மூடி வாங்கினா பழசில அடிச்சிருக்கிற அதே அமுக்க இலக்கம் வேணும். கூடின இலக்கம் போட்டா ஹோசும் பம்ப் சீலும் அந்தப் பாரத்தை வாங்கும்.

மூடியும் சரி, வாய்க்குள்ள எஞ்சின் ஓட ஓட ஓயாமல் குமிழ் வருது, ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில கிடக்கு, சைலன்சரால இனிப்பு மணத்தோட வெள்ளைப் புகை வருது எண்டா ஹெட் கஸ்கெற் (சிலிண்டர் தலைக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு) போயிட்டுது. அது வீட்டு வேலை இல்லை. லைட் எரிஞ்சபடி ஓடாமல் ஏத்திக்கொண்டு போங்கோ.

தெர்மோஸ்ரற்றிலதான் சந்தேகம் எண்டா கழட்டி எறியாமல் சோதியுங்கோ. சமையலுக்குப் பாவிக்காத பழைய பேணியில தண்ணி விட்டு, அதை நூலில தொங்க விட்டுச் சூடாக்குங்கோ. அதில அடிச்சிருக்கிற வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கோணும். பச்சைத் தண்ணியிலயே திறந்து நிண்டாலும், கொதிச்சும் திறக்காட்டியும் புதுசு.

மல்லாவி_வயல்

இன்னொண்டைப் பாருங்கோ தம்பி. ரேடியேற்றர் பின் சில்லுக்குக் கிட்ட, பதிவா இருக்கு. காலபோக அறுவடை நேரம் தை, மாசியில வீதியெல்லாம் சப்பி, வைக்கோல் தூசி. கிறவல் வீதியில செம்மண். ஃபேன் அவ்வளத்தையும் ரேடியேற்றரின்ர மெல்லிய தகட்டுச் செட்டைக்குள்ள இழுக்குது. வெளிமூடி துப்பரவாத் தெரியும், கழட்டினா உள்ளுக்க கம்பளி மாதிரி அடைஞ்சிருக்கும். புதுக் கூலன்ற் விட்டும் வெக்கை குறையேல்லை எண்டா இதுதான் காரணம்.

மூடியைக் கழட்டி, மெல்லிய பிறஸ்ஸால காஞ்ச தூசியைத் தட்டி, பிறகு குழாய்த் தண்ணியை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமா விடுங்கோ, வந்த வழியாலயே திரும்பப் போகட்டும். சேவிஸ் ஸ்ரேசனில அமுக்கத் தண்ணியைச் செட்டைக்கு நேர பிடிக்க விடாதேங்கோ, மெல்லிய செட்டை மடிஞ்சு காத்துப் பாதை மூடுப்படும். மடிஞ்சதை நெருப்புப் பெட்டிக் குச்சியால ஒண்டொண்டா நிமித்தலாம், உலோகக் கம்பி வேண்டாம்.

ஏ9_பயணி

பம்புக்குக் கீழ சின்ன ஓட்டையால பச்சையாச் சொட்டுது. எம்சீல் பசை வச்சு அடைச்சா நிக்குமா?

நெடுங்கேணி_ஸ்பானர்

அந்த ஓட்டையை அடைக்கவே கூடாது. பம்புக்குள்ள இரண்டு சீல். ஒண்டு தண்ணிப்பக்கம், மற்றது ஒயில் பக்கம். எது போனாலும் ஒழுகிறது எஞ்சினுக்குள்ள போகாமல் வெளிய வரவேணும் எண்டுதான் ஓட்டை வச்சிருக்கு. பச்சையா வந்தா தண்ணிச் சீல், ஒயில் வந்தா ஒயில் சீல், பால்மாதிரி வந்தா இரண்டும். நீங்கள் அடைச்சா கூலன்ற் நேர ஒயிலுக்குள்ள இறங்கும். ஒழுக்கை நிப்பாட்டுற மருந்தும் வேண்டாம், அது ஓட்டைக்கும் மெல்லிய குழாய்க்கும் வித்தியாசம் பார்க்காது. சீல் மாத்தேக்க இரண்டையும் சேர்த்து மாத்துங்கோ.

குளத்தடி_ரைடர்

வடிச்ச பழசை எங்க ஊத்துறது? வளவுக்குள்ள குழி வெட்டி விடலாமா?

முறிகண்டி_கராச்

வளவுக்குள்ளயும் வேண்டாம், வாய்க்காலுக்குள்ளயும் வேண்டாம், கிணத்தடிப் பக்கம் நினைச்சும் பார்க்காதேங்கோ. எதிலின் கிளைக்கோல் இனிப்பு. பேசினில திறந்து வச்சா நாய், கோழி, கட்டி நிக்கிற ஆடு எல்லாம் நக்கும். உடம்புக்குள்ள போய் ஒக்சலேற்றாகி சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், கொஞ்ச அளவே காணும். பிள்ளைகள் வாயில வச்சிட்டா வாந்தி எடுக்க வைக்கிறேன் எண்டு நிக்காமல் அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஆரம்பத்தில வெறி ஏறின மாதிரி மட்டும் இருக்கும், அதைப் பார்த்துச் சும்மா இருக்கக்கூடாது.

மூடி இறுகுற போத்தலில விட்டு, "நஞ்சு" எண்டு பெரிசா எழுதி, எட்டாத இடத்தில வையுங்கோ. சோடாப் போத்தலில விடாதேங்கோ, குடிக்கிற சாமான் மாதிரியே இருக்கும். பழைய ஒயில் சேர்க்கிற கராச்சில கேட்டுக் குடுங்கோ, ஆனா ஒயிலோட ஒண்டாக் கலந்து குடுக்காதேங்கோ. கலந்ததை அவையாலயும் ஒண்டும் செய்யேலாது. நிலத்தில சிந்தினதுக்கு மரத்தூளோ மணலோ போட்டு ஒத்தி எடுத்து, அதையும் பையில கட்டுங்கோ.

புதுக்குடியிருப்பு_என்மக்ஸ்

நெடுங்கேணி அண்ணை, காலமை திறந்து பார்த்தன், வாய் வெறுமைதான். காத்து எடுத்து நிரப்பியாச்சு, முல்லைத்தீவுக்குப் போய் வர லைட் எரியேல்லை. மூடி ரப்பரில ஒரு பக்கம் வெடிப்புக் கிடக்கு. 1.1 எண்டு அடிச்சிருக்கு.

நெடுங்கேணி_ஸ்பானர்

அப்ப 1.1 மூடியே வாங்கிப் போடுங்கோ, ரப்பரை ஒட்டிப் பாவிக்கேலாது. மூடி வரும் வரைக்கும் தூர ஓட்டம் வேண்டாம், காலமையில வாய் மட்டத்தைப் பார்த்து எடுங்கோ. கொஞ்சம் நிரப்ப வேண்டி வந்தா உள்ளுக்க விட்டிருக்கிற அதே கூலன்றையே விடுங்கோ.